வல்லூறனுக்கு எத்தனை சட்டம்

மொதல் பாகத்துக்கு ஏழு சட்டம் எறக்குனோம்.
மஞ்சள், செவப்பு, ரெண்டு நீலம்,
தோல் கலர், கறுப்பு,
பல்லுக்குன்னே தனியா ஒரு வெள்ளை.
அவ்வளவு சிரிப்பு அப்போ அவனுக்கு.

மங்கலம் ரோட்டுப் பட்டறையில
மேசைக்கு மேசை நெஞ்சு நெஞ்சாக் கெடந்தான்.
நான் மையை இழுக்க இழுக்க
முஷ்டி வந்துச்சு,
அப்புறம் றெக்கை,
கடைசியாத்தான் கண்ணு.
படத்துலயும் அப்படித்தான்.
அடிச்ச பொறவுதான் யாரை அடிச்சோம்னு பார்ப்பான்.

ரெண்டாம் பாகத்துக்கு அஞ்சு.
சிரிப்பை எடுத்துட்டாங்க.
'கோபம் பத்தலை'ன்னு
மூணு தடவை சாம்பிளைத் திருப்புனாரு பையர்.
செங்கோடண்ணன் புருவத்துல
நூலளவு கறுப்பைக் கூட்டுனாரு.
கோபம் பாஸாயிருச்சு.
ஒரு மனுசன் குணம் மாற
அத்தனூண்டு மை போதுமாட்ட இருக்குதுங்.

மூணாம் பாகத்தை
நானும் ஜிதேந்திராவும் மொத நாளே பார்த்தோம்.
நைட் ஷிப்ட் முடிஞ்ச கண்ணோட, காலைக் காட்சி.

அணை ஒடையுது.
அந்தப் பக்கம் ஊரு.
இந்தப் பக்கம் ஒரு வாட்ச்மேன்.
மொதல் பாகத்துல இவன் இடிச்சுத் தள்ளுன செவுத்துல
இடுப்பொடிஞ்ச ஆளு.
அப்போ பேருகூடச் சொல்லலை.
வல்லூறன் அந்த ஆளைத் தூக்கிக்கிட்டு
நடக்கறான்.
பறக்கலை, நடக்கறான்.
ஊர்ல பாதி போயிருது.

தியேட்டர்ல காசைத் திருப்பிக் கேட்டுக் கத்துனாங்க.
டீக்கடையில ஜிதேந்திரா
ஒடஞ்ச தமிழ்ல சண்டைக்கு வந்தான்:
"ஹீரோ அப்டி செய்யக் கூடாதுண்ணா."
எனக்குப் பதில் வரலை.
பன்னை நனைச்சு நனைச்சுத் தின்னுட்டிருந்தேன்.

படம் படுத்துக்கிச்சு. ஆர்டர் கேன்சல்.
நாலு சட்டம், நனைஞ்ச மொகம்,
பன்னண்டாயிரம் பீஸு
பெட்டியோட காதர்பேட்டைக்குப் போச்சு.
ஒண்ணு அறுபது ரூவா.

அப்புறம்ங்,
ஆறு மாசம் எங்க திரும்புனாலும் அவன்தான்.
பல்லடத்துல கோழி லோடு ஏத்தறவன் நெஞ்சுல.
சாயப்பட்டறை வாசல்ல
முழங்கை வரைக்கும் ஊதாவா நின்னு
பீடி பத்த வெக்கறவன் நெஞ்சுல.
தாராபுரம் பஸ்ஸுல ஒருத்தன்
கம்பியைப் புடிச்சு நின்னுக்கிட்டே தூங்குனான்,
அவன் மூச்சுக்கு மூச்சு
வல்லூறன் மொகம் சுருங்கி விரிஞ்சுது.
நொய்யல் பாலத்துக்கிட்ட
சீலைக்கு மேல அவனை மாட்டிக்கிட்டு
ஒரு அம்மா குப்பை கூட்டுச்சு.

ஜெயிச்ச ரெண்டு பேரும் கப்பலேறிட்டாங்க.
தோத்தவன் உள்ளூருல தங்கிட்டான்.

நாலாம் பாகம் நான் பார்க்கலை.
அந்த வாரம்
செங்கோடண்ணன் வலது கை
க்யூரிங் மெஷின்ல மாட்டிக்கிச்சு.
வாசல்ல கன்டெய்னர் நிக்குது.
டிவிஎஸ்ல அவரை முன்னால உட்கார வெச்சு
ஆஸ்பத்திரிக்கு ஓட்டுனேன்.
திரும்பி வர்றதுக்குள்ள
சட்டத்துல மை காஞ்சு கண்ணடைச்சுப் போச்சு.
கன்டெய்னரும் போச்சு.
ஒரு வாரக் கூலியைப் புடிச்சாங்க.

கதையை ஜிதேந்திரா சொன்னான்.
வல்லூறன் ஊருக்கு முன்னால மன்னிப்புக் கேக்கறானாம்.
ஊரு சேர்த்துக்குதாம்.
"எதுக்கு மன்னிப்பு?"ன்னேன்.
கொஞ்சம் சத்தமாக் கேட்டுட்டேன் போல.
மிஷின் பசங்க திரும்பிப் பார்த்தாங்க.

இப்போ அஞ்சாம் பாகம் வந்திருக்குது.
ஒரே சட்டம். கறுப்பு மட்டும்.
முதுகைக் காட்டி நிக்கறான்.
றெக்கை இல்லை, முஷ்டி இல்லை,
தோளு மட்டும்,
அதுவும் ஒரு பக்கம் சித்த எறங்கி.

புதுப் பசங்க லேசுன்னு நெனைக்கறாங்க.
ஏழு கலர்ல ஒண்ணு வெலகுனா
இன்னொண்ணு மூடிக்கும்.
இதுல மூட ஒண்ணுமில்லை.
ரப்பர் நடுங்குனா
தோளு நிமிர்ந்துரும்,
பழைய ஆளாயிருவான்.

காலையில இருந்து நாப்பத்தொண்ணு ரிஜெக்ட்டு.
செங்கோடண்ணன் எடது கையால
எண்ணி எண்ணி ஓரமா வெக்கறாரு.
நாப்பத்திரெண்டை இப்பத்தான் இழுத்தேன்.
இன்னும் காயலை.