பகல் வெளிச்சத்தில் பார்க்கவும்

அவோமோரியில் பனி விட்டிருந்த காலை.
ஜன்னலோரம் டயப்பரை விரித்து
அட்டையை ஒட்டிவைத்துப் பார்க்கிறாள் சிஹாயா.
ஏழு கட்டம், ஏழு மலநிறம்.
விளக்கொளியில் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் பார்க்கவும்
என்று அடியில் அச்சிட்டிருக்கிறது.
நான்கு, என்கிறாள்.
மூன்றுதான், என்கிறான் கணவன்.
இரண்டு. வெந்த சுண்ணாம்பின் நிறம்.

டாக்டர் குஜி
உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு
வயிற்றைத் தொட்டார்.
பித்தம் இறங்க வழியில்லை.
இன்றைக்கு எத்தனையாவது நாள்?
ஐம்பத்திரண்டு.
நல்லவேளை, என்றார்.
எது நல்லவேளை என்று அவள் கேட்கவில்லை.

பெற்ற மனம் பித்து என்போம் நாங்கள்.
அவள் மொழியில் என்னவோ.
பிள்ளையின் குடலுக்கு வராத பித்தமெல்லாம்
அவள் தலைக்கு ஏறியிருந்தது.

குடலில் ஒரு துண்டை வெட்டிக்
கல்லீரலோடு சேர்த்துத் தைத்தார்கள்.
ஒன்பதாம் இரவு, மூன்று மணி.
நர்ஸ் டயப்பரைத்
தாம்பூலத் தட்டுபோல ஏந்தி வந்தாள்:
"பச்சை!"

சிஹாயா சிரிக்கவில்லை.
அதை மடித்து மடியில் வைத்து
ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

ஆறரைக்கு வெளுத்தது.
ஆறோ, ஏழோ.