தொண்ணூறு நாள்

காங்கயம் ரோட்டில் கட்டிங் மேசைகளுக்கு மேலே
தகரக் கூரைக்குக் கீழே என் அறை.
வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி.
கணினியில் இரண்டு நாடுகள்.

இரண்டும் சிறியவை.
இரண்டின் ஜனத்தையும் கூட்டினால்
எங்கள் ஜில்லாவில் பாதி தேறாது.
ஒன்று தீவு. ஓட்டல் ஊழியருக்குக் காலர் பனியன்
பதினெட்டாயிரம் கேட்கிறது.
மற்றது மலைநாடு, கடலே கிடையாது.
பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை, இருபத்திரண்டாயிரம்.
சரக்கு இறங்கித் தொண்ணூறு நாளில் பணம் என்கிறார்கள்
இரண்டு பேருமே.

"எவன் குடுப்பான், பாத்துச் சொல்லுங்க.
ஆளு நல்லவனா இருந்தாலும்
அவன் ஊர்ல டாலர் இருக்கோணுமுங்களே"
என்று வண்டியேறிப் போனார் சென்னியப்பன்.

பட்டியலில் ஒரு வரி:
ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டிய பத்திரங்களில்
வெளிநாட்டார் கையில் இருப்பவை.
தீவுக்கு எண் இருக்கிறது. நீளமான எண்.
மலைநாட்டுக்கு எண் இல்லை.
பூஜ்யமும் இல்லை.
இரண்டு புள்ளிகள்.

போனில் சொன்னேன்.
"புள்ளீன்னா? கடனே இல்லீங்களா,
இருந்தும் சொல்லலீங்களா?"
"குடுக்க ஆளில்லாமயும் இருக்கலாமுங்க."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
டிவியில் யாரோ சிரித்தார்கள்.
"அப்ப தீவு?"
"நம்பிக் குடுத்திருக்காங்க.
அத்தன பேரும் ஒரே நாள்ல வந்து கேட்டா
இருக்காதுங்க."

வைத்த பிறகுதான் நாளைய தேதி உறைத்தது.
நாளை சனிக்கிழமை.
கீழே நூற்றுப் பத்துப் பேருக்கு வாரச் சம்பளம்.
பல்லடத்து நூல்காரரிடம் எங்கள் செக் மூன்று,
சாயப்பட்டறையில் ஒன்று.
அட்டைப்பெட்டிக்காரர் செக் வாங்குவதில்லை,
வந்து உட்கார்ந்துகொள்வார்.
இவர்கள் ஒரே டீக்கடையில் சந்திக்காதவரை
நாங்கள் நல்ல கம்பெனி.

நோட்டில் மூன்றாவதாக ஒரு கோடு கிழித்து
எங்களையும் எழுதினேன்.
நூல், சாயம், பெட்டி, ஜாப் ஒர்க் பாக்கி.
கூட்டப் போகும்போது ஒரு வரி குறைந்தது.
என் வரி.

மாசியில் சீட்டுத் தள்ளி எடுத்த இரண்டு லட்சம்,
நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்குச் சென்னியப்பனிடம்.
புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல்
பாதி மை ஊறிய கையெழுத்து.
மூன்று மாதத் தவணை.
இரண்டு தடவை மாற்றி எழுதியாயிற்று.
"உங்குளுது எங்கீங்க போவுது" என்பார் ஒவ்வொரு முறையும்.
மூன்றாம் தவணை நாளை முடிகிறது.

பெட்டியில் எவ்வளவு இருக்கிறதென்று
நூல்காரருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

அந்தத் தீவிலும் ஒருத்தி இருப்பாள்,
கருவூலத்தில், ஃபேனுக்கு அடியில்,
கைப்பையில் தன் அரசாங்கத்தின் காகிதம் ஒன்றுடன்.
அவள் வெளியாள் இல்லை.
இந்த வரியில் அவளைச் சேர்க்க மாட்டார்கள்.
நான் உள்ளாளா, வெளியாளா?
என் பெயருக்கு நேரே தொகை எழுதப் போய்
இரண்டு புள்ளி வைத்தேன்.

மலைநாட்டிடம் பாதி முன்பணம் கேளுங்கள்,
தீவுக்கு இரண்டு தவணையாக அனுப்பலாம்
என்று வாட்ஸ்அப்பில் போட்டேன்.
உடனே பதில்:
"சரிங்க. நாளைக்கு உங்க நோட்டு மாத்தோணுமல்லங்க.
ஸ்டாம்ப் இருக்குங்களா?"

ஸ்டாம்ப் ஒரு ரூபாய்.
இழுப்பறையில் ஒரு முழுத் தாளே கிடக்கிறது.

இல்லீங்க என்று எழுதினேன்.