எட்டாம் நம்பர் மலை

வான் வந்து நிற்கிறது.
இறங்குகிறவர்கள் ஒன்பது பேர்.
சப்பாத்து இடுக்குகளில் இன்னும் காயாத சேறு.
நேற்று மலைநாட்டில் தேயிலைக்குள் நடந்தார்களாம்,
நாலு மணித்தியாலம், ஆளுக்கொரு மூங்கில் தடி,
முடிவில் வெள்ளைக் கோப்பையில் தேத்தண்ணி.
இன்றைக்கு வழிகாட்டி நான்.
தெய்வானை என்றேன், ஒருவர் வாயிலும் வரவில்லை.
தேவா என்று வெட்டிக்கொண்டார்கள்.
சரி.

கல்மடுக் குளத்து அணைக்கட்டில் ஏறுகிறோம்.
இது துருசு. அது வான்.
நீங்கள் வந்த வான் இல்லை,
மேலே இருக்கிற வானும் இல்லை,
குளம் நிறைந்தால் வழிகிற இடம்.
தமிழ் தெரியாதவர்களுக்கு
இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஆள்காட்டி ஒன்று கத்திக்கொண்டு எழும்புகிறது.
பாதை அகலம்தானே,
ஏன் அடிக்கு மேல் அடி வைத்து நடக்கிறாய்
என்கிறார் பின்னால் வருகிற நெட்டை மனிதர்.
பழக்கம் என்றேன்.
ஏழு வருசம் மிதிவெடி எடுத்த பழக்கம் என்று
சொல்லவில்லை.
ஒருமுறை சொல்லி,
நின்ற இடத்திலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள்.
பிறகு ஒவ்வொருவராகக் கைபிடித்துக்
கூட்டிவர வேண்டியதாய்ப் போயிற்று.

ஒரு மீற்றர் அகலம் என் நிரை.
முழந்தாளில் இருந்து, கத்தரிக்கோலால் புல் நறுக்கி,
நல்ல நாளென்றால் பத்து மீற்றர்.
கொழுந்து எடுத்த காலத்தில்
அம்மாவும் நிரை பிடித்தவள்.
வேலை முடிந்து வந்தால் கேட்பாள்:
'ஒன் நெரையில இன்னைக்கு எத்தன றாத்தல்?'

மருத நிழலில் இளைப்பாறும்போது
ஒருத்தி போனை நீட்டுகிறாள்.
படத்தில் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு அவள்,
பக்கத்தில் கூடைக்குச் சொந்தக்காரி.
இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.
ஒருத்தி கமராவைப் பார்க்கிறாள்.
மற்றவள் கூடையைப் பார்க்கிறாள்.
பின்னால் ஒரு கல், சுண்ணாம்பில் எட்டு.
அது என்ன இலக்கம் என்று
அங்கே கேட்க மறந்துவிட்டாளாம்.

எட்டாம் நம்பர் மலை.
எல்லாத் தோட்டத்திலும் ஒரு எட்டாம் நம்பர் இருக்கும்.
எந்தத் தோட்டம் என்று
நானும் கேட்கவில்லை.

எழுபத்தேழில் லொறியில் வந்து இறங்கி
காடு வெட்டி, வேர் கிளப்பி,
அப்பா பிடித்தது இரண்டு ஏக்கர்.
தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று
யோசிக்கிற தரை.
விடிய மண்வெட்டியோடு இறங்கும்போது
'மலைக்குப் போறேன்' என்பார்.
அங்கே வயலுக்குப் பேர் மலை,
கால் பழகியது, வாய் பழகியது.
அயலில் சிரித்தார்கள்:
'எங்கையப்பா மலை?
ஒரு கறையான் புற்றுக்கூட இல்லை!'
அப்பா மாற்றவில்லை.
கடைசியாகக் கேட்டதும்
மலைக்கு ஆர் தண்ணி கட்டினது என்றுதான்.

நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு திருப்பம் எடுத்தேன்.
கச்சான் பூத்துக் கிடந்தது.
இதுதான் எட்டாம் நம்பர் மலை என்றேன்.
ஒன்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்,
வடக்கே, தெற்கே, பனைகளுக்கு மேலே.
எங்கே என்றார் நெட்டை மனிதர்.
நீங்கள் நிற்கிறீர்கள் என்றேன்.
மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்று
பணிவாகத் தலையாட்டிப் படம் எடுத்தார்.

போகும்போது போன்காரி
ஒரு தேயிலைப் பெட்டி தந்தாள்.
தேவா, தேவா என்று
வளைவு மட்டும் கை தெரிந்தது.

இரவு ஊற்றினேன். சாயம் ஏறவில்லை.
அம்மா அடியில் கிடந்த ஒரு இலையை எடுத்து
விரலில் ஒட்டி, விரித்து,
விளக்கருகில் பிடித்தாள்.
'முத்தல். யாரு பறிச்சதோ.
கங்காணி கண்ணுல பட்டிருந்தா
அன்னைக்கு அரைப்பேருதான்.'

அரைப்பேர் என்றால் அரைநாட் சம்பளம்.
எனக்கு அவர்கள்
முழுதாகத்தான் தந்தார்கள்,
பேரைத் தவிர.