பகலில் ஓட்டுபவள், இரவில் ஓட்டுபவனுக்கு

ஹெரோனிமோ,
நேற்றும் அந்த நட்டில் கை வைத்திருக்கிறாய்.

காலையில் தேவாலய மேட்டில்
எஞ்சின் தொண்டை கிழியக் கத்துகிறது,
வண்டி மட்டும் நின்ற இடத்தில் நின்று யோசிக்கிறது.
பின்சீட்டில் வெள்ளி வாங்க வந்த தம்பதி
மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.
கருகியது கிளட்ச் தட்டு.
யார் வீட்டிலோ சோளம் தீய்கிறது என்றேன்.

தாஸ்கோவில் சமதரை என்று ஒன்று கிடையாது,
உனக்குத் தெரியாததா.

நீயும் நானும் பார்த்துக்கொண்டதில்லை.
சாவி, முதலாளியம்மா சன்னலில், பிஸ்கட் டப்பாவில்.
உன்னைப் பற்றி நான் அறிந்ததெல்லாம்
கண்ணாடியின் சாய்வு,
மிதியடியில் பூசணி விதைத் தோல்,
அப்புறம் இந்த நட்டு.
இரண்டு சிறகு உள்ளது. இந்த ஊரில் அதற்குப்
பட்டாம்பூச்சி என்று பேர்.

கொஞ்சம் கேள்.
உன் பாதத்திலிருந்து ஒரு கம்பி
வண்டியின் முதுகெலும்புக்குள் புகுந்து
பின்னால் கியர்பெட்டி வரை போகிறது.
நீ மிதிக்க, அது இழுக்க,
நெம்புகோல் அசைந்து பேரிங் போய் அழுத்த,
ஒட்டியிருந்த தட்டு விடுபடுகிறது.
காலை எடுத்த பிறகும் கம்பி விறைத்தே இருந்தால்
தட்டு முழுசாய் ஒட்டாது.
பாதிப் பிடி.
மேட்டில் பாதிப் பிடி எதற்காகும்?

அதனால் பெடல் முதலில் சும்மா இறங்கவேண்டும்,
ஒரு விரல் அகலத்துக்கு,
எதையும் இழுக்காமல்.
அந்தச் சும்மாவை நீ தின்றுவிடுகிறாய்.

இடப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் படு.
கம்பி முனையை இடுக்கியால் பிடி,
முறுக்கிக்கொள்ள விடாதே.
பட்டாம்பூச்சியை அரைச் சுற்று தளர்த்து,
அதன் மேடு நெம்புகோல் பள்ளத்தில் உட்காரட்டும்.
எழுந்து போய் மிதித்துப் பார்.
மறுபடி படு.

(போன வாரம் கோபத்தில் நாலு சுற்று தளர்த்தினேன்.
ராத்திரி முழுக்க உன் கியர் பல்லைக் கடித்திருக்கும்.
தெரிந்துதான் செய்தேன்.)

*

வியாழக்கிழமை.
நட்டு நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது.
பெடல்மேல் ஒரு மரக்கட்டை,
சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டியது.

துருவேறி நகராத இந்த சீட்டில்
உனக்குக் கால் எட்டவில்லை என்பது
எட்டு மாதமாய் எனக்குத் தோன்றவேயில்லை.

கட்டையோடு ஓட்டினால் என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது.
காலையில் கழற்றுவேன்,
சாயங்காலம் கட்டி வைப்பேன்.

இன்னொன்று.
குழாய் வாயருகே கம்பியில் இரண்டு இழை
அறுந்து முள்ளாய் நிற்கிறது.
நீ இறுக்கியதா நான் இழுத்ததா, அதில் எழுதியில்லை.
புதுக் கம்பிக்கு என் பாதி டப்பாவில் இருக்கிறது.
ஞாயிறு வண்டி ஓடாது.
அடியில் ஒருவர் படுக்கவேண்டும்,
பெடலில் ஒருவர்.

ஓதீலியா