ஒற்றைக் குச்சி

பல்லாவரத்துக்கு அப்பால் எங்கள் குன்று.
மலை என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
இறங்கும் விமானங்களின் வயிற்றை அண்ணாந்து பார்க்க
இதைவிட உயரம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

ஞாயிறு விடியுமுன் முதல் மின்ரயிலில் வந்துவிடுவோம்:
ஜுபைதா, எமர்சன், வங்கிக் கணக்கை வாரம் ஒருநாள்
மறக்க விரும்பும் கஜலட்சுமி,
முழங்காலில் பட்டையோடு நான்.

அடிவாரத்துத் தகரக் கொட்டகையில் காவலர் இருசப்பன்
பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை நீட்டுவார்.
தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் இதுல போடுங்க,
இறங்கும்போது வாங்கிக்கலாம்.
சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே
வாராவாரம் லைட்டரைப் போடுவான் எமர்சன்.

கத்தரி தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.
புல் மஞ்சளைத் தாண்டி வெளுத்திருந்தது,
கால் வைத்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம்.
காரைமுள் துப்பட்டாவைப் பிடித்து நிறுத்திக் கணக்குக் கேட்டது.
பாறையில் உட்கார்ந்தால்
நேற்றைய வெயில் இன்னும் உள்ளே இருந்தது.

உச்சியில் தேநீர் குடிக்க வேண்டும் என்பது என் ஆசை.
ஃப்ளாஸ்கில் கொண்டுவந்த தேநீர் அல்ல,
அங்கேயே, காற்றில், கொதிக்கக் கொதிக்க.
நாலு கட்டி கற்பூரம்,
காகிதத்தில் மடித்த குச்சிகள் இரண்டு,
உரசும் பட்டையில் ஒரு விரல் அகலத் துண்டு.
டப்பா கேட்டது பெட்டியைத்தானே.

நாலு டம்ளர். இஞ்சி தூக்கலாக இருந்தது.
சாம்பலில் தண்ணீர் ஊற்றினேன், இரண்டு முறை.
பிறகு பலநாள் எண்ணிப் பார்த்துவிட்டேன்,
இரண்டு முறைதான்.

செவ்வாய் இரவு மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன்.
குன்றின் இடுப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு
மெதுவாக, அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.
விமானத்தில் சன்னலோரம் இருந்தவர்கள்
கார்த்திகை முன்னாலேயே வந்துவிட்டது என்று
நினைத்திருப்பார்கள்.

ஞாயிறுக்கும் செவ்வாய்க்கும் நடுவே இரண்டு பகல்.
ஒரு தணல் இரண்டு பகல் மூச்சுவிடுமா?
கைபேசியில் தேடினேன்.
விடும் என்றது ஓரிடம்.
விடாது என்றது இன்னோரிடம்.
மின்கம்பி, கண்ணாடிச் சில்லு, வேறு யாரோ,
நான் விரும்பிய பதில்களும் நிறையக் கிடைத்தன.

அடுத்த ஞாயிறும் போனோம்.
இருசப்பனுக்கு ஒரு பக்கத்துப் புருவம் இல்லை.
ஆவாரங்கொப்பு ஒடிச்சு அடிச்சோம்,
நாலே பேரு, விடியவரைக்கும் என்றார்.
வேறு எதுவும் கேட்கவில்லை.
டப்பாவை நீட்டினார்.
எமர்சனின் லைட்டர் டங்கென்று விழுந்தது.
மீந்திருந்த குச்சியை நான் போட்டேன்.
அதற்குச் சத்தமே இல்லை.

சொல்லக் கூச்சம்தான்,
கரிந்த குன்று அழகாக இருந்தது.
மறைந்துகிடந்த பாறைகளெல்லாம் முதுகைக் காட்டின.
கறுப்புத் தரையில் நத்தை ஓடுகள்
கோலத்துக்கு வைத்த புள்ளிகளாய் வெளுத்திருந்தன,
ஒன்றிலும் நத்தை இல்லை.
ஈச்சங்குத்தில் மட்டும் சுண்டுவிரல் பச்சை.
நன்றாக நடந்தோம், வேகமாக, மூச்சு வாங்க.
கஜலட்சுமி வழக்கம்போல் பாட்டு முணுமுணுத்தாள்.

ஆள்காட்டிக் குருவி ஒன்று
என் தலைக்கு நேர்மேலே வட்டமிட்டுக் கத்தியது.
எல்லாரையும் பார்த்து அப்படித்தான் கத்தும்,
பக்கத்தில் முட்டை இருக்கும் என்றாள் ஜுபைதா.
முட்டையா, இந்தக் கரியிலா?
நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

இறங்கியதும் அவரவர் பொருளை
அவரவர் கையில் தந்தார் இருசப்பன்.
என் குச்சியையும்.
டப்பாவின் மூலையிலிருந்து இரண்டு விரலால் எடுத்து,
தலைப்பக்கம் உடையாமல்,
தொலைந்த மூக்குத்தியைத் தருகிற மாதிரி.

மின்ரயிலில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர்
என் செருப்பைப் பார்த்துவிட்டுத்
தள்ளி உட்கார்ந்தார்.