சங்கிலிக்கு வெளியே ஒரு சாண்

அந்த ஏப்ரலில் எங்கள் ஒழுங்கையிலிருந்து
காலி வீதி மட்டும்
மனிதருக்குப் பதிலாக சிலிண்டர்கள் நின்றன.
நீலம், நீலம், மஞ்சள், நீலம்.
இருட்டியதும் ஓட்டோக்கார ஹேமபால
நீளச் சங்கிலியொன்றை எல்லாக் கைபிடிக்குள்ளும் விட்டு
கடைசியில் பூட்டுப் போட்டார்.

நான் என்னுடையதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.
தம்பி ஞானரூபன் தன்னுடையதைச்
சங்கிலிக்கு வெளியே ஒரு சாண் தள்ளி வைத்தான்.
"ஆர் எடுப்பினம்?"
"ஆர் எடுக்காயினம்?"
ஒரு சொல்லின் நடுவில்தான்
நாங்கள் எப்போதும் பிரிகிறோம்.

கேட்டால் சனம் எண்பத்து மூன்றைச் சொல்லும்.
ஆனால் அன்றைக்கு ஒரே அலுமாரிக்குள்தான் இருந்தோம்,
அவனுடைய முழங்கால் என் விலாவில்.
எங்கள் வீட்டிலக்கத்தை வாசித்த குரலும்
இங்கே ஒருவருமில்லை என்ற குரலும்
ஒரே வாசலில் நின்றன.
நான் முதலாவதைக் கேட்டு வளர்ந்தேன்.
அவன் மற்றதை.
ஏனென்று கேட்காதீர்கள்.
அலுமாரிக்கு இரண்டு கதவு இருந்தது,
அதைத் தவிர எனக்கு விளக்கம் தெரியாது.

விடிய லொறி வந்தது. ஹேமபால வரவில்லை.
மகளுக்கு முட்டு. சாவி சட்டைப்பையில்,
சட்டை அவரோடு களுபோவில ஆஸ்பத்திரியில்.
இருபத்தேழு சிலிண்டரும்
கோத்த மீன்போலக் கிடந்தன.
தம்பியுடையது மட்டும் வைத்த இடத்தில் இல்லை.

லொறியடியில் நின்றது.
நிரம்பி. காசும் கட்டியாயிற்று.
பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"பாத்தியா அக்கா, ஆரோ எனக்காக நிரப்பியிருக்கினம்."
"தனக்கு நிரப்பினவன், உன்னைக் கண்டு ஓடியிருக்கிறான்."
அந்த எரிவாயுவில்தான்
அன்று இருவரும் தேத்தண்ணி குடித்தோம்.

பிறகு அவன் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டான்.
சோற்றுப் பார்சல் கொண்டுபோனேன்,
கூடவே அவனுடைய பைக்கு ஒரு பூட்டு.
சிரித்தான். வாங்கினான். பூட்டவில்லை.
தேர்தலில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வரிசை,
இடது சின்னிவிரலில் ஒரே மை.
களவெடுக்க மாட்டார்கள் என்று நம்பியவர்களுக்கு அவன் போட்டான்.
பிடிபடுகிற அளவுக்குத்தான் எடுப்பார்கள் என்று நினைத்தவர்களுக்கு நான்.
அன்றிரவு பேசாமல் சாப்பிட்டோம்.
ரெயில் போனபோது கோப்பைகள் மட்டும்
தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டன.

கதவடியில், செருப்புத் தட்டுக்கு மேல்,
அந்தச் சிலிண்டர்க் காசு இன்னும் ஓர் உறையில் இருக்கிறது.
கேட்டு வருகிறவருக்குக் கொடுக்க.
போன கிழமை அவன் இல்லாத நேரம் எண்ணினேன்.
குறையவில்லை.
விலை ஏறிய ஒவ்வொரு தரமும்
மிச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறான்.

உறையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.
பிறகு, ஏனோ, திறந்து எடுத்து
பழைய இடத்திலேயே வைத்தேன்.

வாசல் கதவை மட்டும் பூட்டினேன்.