அளவு ஆறு

இருப்புப் பதிவேட்டின் முதல் பக்கம் என் கையெழுத்து அல்ல.
பச்சை மை, சாய்ந்த ஆங்கிலம்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு.
தோட்டத் துரைமார் பன்னிரண்டு பேர்,
ஆளுக்கொரு ரைஃபிள்.
பதினாறு வயதுமுதல் ஐம்பதுவரை
வெள்ளைக்காரன் எவனும் பயிற்சிக்கு வந்தாக வேண்டுமென்று
சீமைச் சண்டையின்போது சட்டம் போட்டார்களாம்.
அவர்களுக்குக் கொழுந்து கிள்ளியவர்களுக்கும்
கட்டாயம் ஒன்று இருந்தது:
துப்பாக்கியைத் தொடக்கூடாது.

பிறகு நாற்பது பக்கம் காலி.
பூச்சி படித்திருந்தது.

காகிதம் வீணாக வேண்டாமென்று
முதல்வர் அதே புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.
நாற்பத்தோராம் பக்கத்தில் நான் தொடங்குகிறேன்:
அறுபத்து மூன்று, ஜூலை.
சீனாக்காரன் இறங்கி வந்து திரும்பிப் போன மறு வருஷம்.
கல்லூரிப் படியேறும் ஆண்பிள்ளை அத்தனை பேரும்
காக்கி போட்டாக வேண்டுமென்று தாள் வந்தது.
தாள் வந்த வேகத்தில் பூட்ஸ் வரவில்லை.
பையன்கள் நானூற்றுப் பன்னிரண்டு,
பூட்ஸ் இருநூற்று அறுபது ஜோடி,
எல்லாம் ஒன்பது, பத்து.
முனையில் செய்தித்தாள் திணித்துக்கொண்டு
தலைப்புச் செய்திகளின்மேல் நடந்தார்கள்.

தாசில்தார் மகன் ஸ்ரீவத்சன் மட்டும்
மருத்துவச் சான்றிதழோடு வந்தான்: தட்டைப் பாதம்.
சாயங்காலம் கிளப்பில் டென்னிஸ் ஆடும் பாதம்.

மார்கழி, காலை ஆறரை.
புல்லில் உறைபனி நெறிபடும்.
ஹவில்தார் தாவீது பொன்னையா, குளச்சல்காரர்,
இந்தி அவர் தொண்டையில் இருந்தது, நாக்கில் இல்லை.
"பீச்சே முட்!"
முன்வரிசை திரும்பியது.
பின்வரிசைக்குக் கேட்கவில்லை,
அல்லது கேட்க வேண்டாமென்று முடிவெடுத்திருந்தார்கள்.
நேரே மூடுபனிக்குள் நடந்து,
வேலி தாண்டி, சேரிங் கிராஸ்வரை இறங்கி,
டீக்கடை வாசலில்
"தம்" என்று தாங்களே சொல்லிக்கொண்டு நின்றார்களாம்.
நிற்கச் சொல்லும் அந்த ஒரு கட்டளை மட்டும்
அவர்களுக்குத் தமிழிலேயே புரிந்தது.
தீப்பெட்டி இருந்தவன் பற்றவைத்தான்.

அளவு ஆறு ஒரே ஒரு ஜோடி வந்தது, யார் தவறாலோ.
அது பெ. ஹாலனுக்கு, தும்மனட்டி.
அதற்குமுன் அவன் கால் எதற்குள்ளும் நுழைந்ததில்லை.
பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
வெறுங்காலில் மலை ஏறி வருவான்.
மைதானத்து விளிம்பில் உட்கார்ந்து அணிந்துகொள்வான்,
முடிந்ததும் கழற்றிவிடுவான்.
"தேஞ்சிடும் சார்."

அறுபத்தெட்டில்
அந்த இந்திக் கட்டளைகள் வேண்டாம் என்றது சென்னை.
கட்டாயமே வேண்டாம் என்றது தில்லி,
அதற்கு அதன் கணக்குகள்.
பையன்கள் தொப்பியை மேலே எறிந்தார்கள்.
ஏழு தொப்பி திரும்பி வரவில்லை, குறித்திருக்கிறேன்.

இனி விரும்புகிறவர்கள் வரலாம்.
விரும்பியவர்களை நிற்கவைத்து அளந்தார்கள்.
உயரம், மார்பு, பல்.
ஐந்து வருஷம் கட்டாயத்துக்கு டேப் தேவைப்படவில்லை,
கிடைத்தவனை எல்லாம் எடுத்துக்கொண்டது.
ஹாலன், பட்டப்படிப்பின் கடைசி வருஷம்,
இரண்டு அங்குலம் குறைந்தான்.
ஸ்ரீவத்சன் தேறினான்.
சான்றிதழுக்கு வேலையில் மதிப்பெண் உண்டென்று
யாரோ சொல்லியிருக்க வேண்டும்,
பாதம் வளைந்துகொண்டது.

ஹாலன் பூட்ஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.
மூக்கில் என் முகம் தெரிந்தது.
கையெழுத்துப் போட்டான். போகவில்லை.
ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தான்,
அங்கே மூடுபனியைத் தவிர ஒன்றும் கிடையாது.

நான் பேனாவை எடுத்தேன்.
அளவு ஆறு, ஜோடி ஒன்று,
எலி கடித்துச் சேதம், கழிக்கப்பட்டது.
பிறகு ஜோடியை அவன் பக்கம் தள்ளினேன்.

ஏப்ரலில் தணிக்கைக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"இந்தக் குளிரில், ஊட்டி எலி
பூட்ஸ் தின்னுமா ஐயா?"

கட்டாயம் தின்னும் என்றேன்.